பள்ளிச் செய்தி எதில் போகலாம்: எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா, செயலியா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் தாளாளர் அறைக்கு வெளியே ஒரு மென்பொருள் விற்பனைப் பிரதிநிதி கட்டாயம் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எஸ்எம்எஸ்தான் அனுப்புறீங்களா சார்?" கேட்கிற விதத்திலேயே நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் செயலி, நோட்டிபிகேஷன், பள்ளி வேன் இப்போது எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டும் வரைபடம் எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

சில பள்ளிகளின் அலுவலகக் கணினி வேலையைப் பார்த்துக்கொடுப்பவன் என்பதால் இந்தப் பேச்சுகளின்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரச் செய்திக்கு எஸ்எம்எஸ்ஸை விட வேண்டாம். அன்றாட விஷயங்களுக்கு வாட்ஸ்அப் போதும். செயலிக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். குரல் அழைப்பு கொஞ்சம் பேருக்கு மட்டும். பெற்றோரின் கையெழுத்து தேவைப்படும் இடத்தில் பழைய டைரியை அசைக்கவே வேண்டாம்.

இவற்றில் வயதான ஆசாமி எஸ்எம்எஸ் என்பதில் சந்தேகமில்லை. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் பிரிட்டனின் வோடஃபோன் நெட்வொர்க்கில் ஒரு கணினியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றைத் தட்டி அனுப்பியதுதான் முதல் எஸ்எம்எஸ். போனும் டவரும் தமக்குள் சிக்னல் பேசிக்கொள்ள ஒரு சிறிய பாதை ஏற்கெனவே இருந்தது. அதில் காலியாகக் கிடந்த இடத்தில் செய்தியை ஏற்றிவிட்டார்கள். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்று கணக்குப் போட்டால் 160 எழுத்து. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த 140 பைட் மாறவில்லை.

தமிழுக்கு இதில் விழும் அடி பலருக்குத் தெரியாது. வழக்கமான 7 பிட் எழுத்து அட்டவணையில் தமிழ் இல்லை. ஆகவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் பிடிக்கும் வேறொரு முறையில் செய்தி போகும். அப்போது 160 என்பது 70 ஆகிவிடும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'பள்ளிக்கு' என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 9.

ஒரு மழை விடுமுறைச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: "கனமழை காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை. தேர்வுத் தேதி பின்னர் அறிவிக்கப்படும்." எண்ணிப் பார்த்தால் 77. ஏழே ஏழு கூடுதல், அதற்காக இரண்டு எஸ்எம்எஸ் காசு. கடைசியில் இருக்கும் 'அறிவிக்கப்படும்' என்பதைத் தூக்கிவிட்டு "தேர்வுத் தேதி பின்னர்." என்று முடித்தால் 61. ஒரே செய்தியில் அடங்கிவிடும். ஆனால் மிச்சம் இருப்பது 9 இடம், அதில் பள்ளியின் பெயர் எங்கே நுழையும்? பெயரைச் சேர்த்தால் திரும்பவும் இரண்டு. இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67 குறியீடுதான் கிடைக்கும், மீதியைத் துண்டுகளை ஒட்டவைக்கும் தகவல் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்குப் பிடிபட்டதும் அலுவலகங்கள் எல்லாம் ஒரே குறுக்குவழியில் போகின்றன: தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது, இல்லாவிட்டால் ஆங்கிலத்திலேயே அனுப்புவது. காசு மிச்சம்தான். ஆனால் பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டிக்கு அதைப் படிக்க இன்னொருவரைத் தேட வேண்டும். என் கட்சி, இரண்டு எஸ்எம்எஸ் காசு போனாலும் தமிழிலேயே அனுப்புவது. வருடத்தில் எத்தனை அவசரச் செய்தி வந்துவிடப் போகிறது?

எழுத்துக் கணக்கைவிடப் பெரிய தொல்லை டிஎல்டி பதிவு, அதாவது மொத்த எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான கட்டாயப் பதிவு. தொல்லைதரும் விளம்பரங்களைத் தடுக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் எந்த நிறுவனமும் முதலில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெட்டரை. பிறகு ஒவ்வொரு செய்தியின் வார்ப்பையும், அதாவது வாசகம் எப்படி இருக்கும் என்ற மாதிரியையும். வார்ப்பில் பெயர், தேதி போன்ற மாறக்கூடிய பகுதி ஒவ்வொன்றுக்கும் அளவு வரம்பு உண்டு. ஒப்புதல் வாங்கிய வார்ப்போடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். அதாவது இரவு எட்டு மணிக்குத் திடீரென்று "தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது, நாளை வகுப்பு மதியம்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தால், அதற்கு வார்ப்பு இல்லையென்றால் எஸ்எம்எஸ் உங்களுக்கு உதவாது. அந்த ஆத்திரத்தில்தான் பல தாளாளர்கள் விற்பனைப் பிரதிநிதியை உள்ளே கூப்பிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது.

பிறகு ஏன் இதை விட வேண்டாம் என்கிறேன்? ஒரே காரணம்தான். எஸ்எம்எஸ் வாங்குபவரிடம் அது எதையும் கேட்பதில்லை. எதையும் பதிவிறக்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், டேட்டா வேண்டாம், உங்கள் எண்ணைச் சேமித்துவைக்கவும் வேண்டாம். சேர்க்கை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த பத்து இலக்கம் போதும். பட்டன் போனிலும் வரும். போன் அணைந்திருந்தால் ஆபரேட்டரிடம் காத்திருந்து, மறுபடி இயக்கியதும் வந்து சேரும். டேட்டா பேக் முடிந்த அன்றே வாட்ஸ்அப் நின்றுவிடும், ஆனால் உள்ளே வரும் எஸ்எம்எஸ் உடனே நின்றுவிடுவதில்லை. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் படம் இறங்காது, எஸ்எம்எஸ் எப்படியோ இறங்கிவிடும்.

ஒரு பள்ளியில் 600 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 560 பேர் இருக்கலாம். எண்ணிக்கையைப் பார்த்து "தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்தாச்சே" என்று திருப்திப்படும்போதுதான் தவறு நடக்கிறது. அந்த 40 பேர் யார்? பெற்றோர் திருப்பூரில் வேலைக்குப் போய்விட, பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டுவைத்த வீடு. ஒரே ஸ்மார்ட்போனை வேலைக்குப் போகும் அப்பா எடுத்துப்போய்விடுகிற வீடு. மாதக் கடைசியில் ரீசார்ஜ் தள்ளிப்போன வீடு. செய்தி கிடைக்காவிட்டால் கொட்டும் மழையில் பூட்டிய கேட் முன்னால் நனைந்துகொண்டு நிற்கப்போவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். பழைய தொழில்நுட்பம் நீடிப்பதற்கு மக்களின் சோம்பேறித்தனத்தையும் பழக்கதோஷத்தையும் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. புதியது பலருக்கும் வந்த பிறகும், கடைசி நாற்பது பேருக்கு வராத வரை, எல்லோருக்கும் பொறுப்பான ஒரு அலுவலகம் பழையதைக் கைவிட முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாட்ஸ்அப்பைப் புதிதாக ஒரு போனில் தொடங்கினால் உங்கள் எண்ணைச் சரிபார்க்க வழக்கமாக ஒரு குறியீடு வரும். எதில்? எஸ்எம்எஸ்ஸில். விற்பனைப் பிரதிநிதி காட்டும் பள்ளிச் செயலிக்குள் பெற்றோர் நுழையவும் ஓடிபி எஸ்எம்எஸ்தான். பழையதை ஒழிக்க வந்ததாகச் சொல்பவை அதன் தோளில் ஏறித்தான் உள்ளே வருகின்றன.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். அன்றாடப் பயன்பாட்டில் இதற்கு இணை இல்லை. வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போடலாம், ஆண்டுவிழா உடை எந்த நிறம் என்று காட்டலாம், படிக்காத அம்மாவுக்கு ஆசிரியை குரல்பதிவு அனுப்பலாம். பெற்றோர் கண் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. எஸ்எம்எஸ் பெட்டியோ கடன் விளம்பரமும் ஓடிபியும் நிரம்பி, யாரும் விரும்பித் திறக்காத இடமாகிவிட்டது. வந்து சேர்வது வேறு, படிக்கப்படுவது வேறு. எஸ்எம்எஸ்ஸின் உண்மையான பலவீனம் இதுதான். பள்ளியின் எஸ்எம்எஸ் வருடத்தில் ஐந்தாறு முறை மட்டும் வந்தால் மதிப்பு இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, கட்டண நினைவூட்டல், ரத்ததான முகாம் என்று வாரம் இரண்டு அனுப்பினால் பெற்றோர் அதையும் விளம்பரக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

எஸ்எம்எஸ்ஸை வாட்ஸ்அப் மிஞ்சும் இடம் ஒன்று நம் ஊர்ப் பள்ளிகளில் நிறையவே உண்டு: அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள். சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பாவின் இந்திய எண் இருக்கும், அந்த சிம் எங்கோ மேசை டிராயரில் தூங்கும். ஆனால் அதே எண்ணில் தொடங்கிய வாட்ஸ்அப் துபாயில் வேலை செய்யும். எஸ்எம்எஸ் போகாத இடத்துக்கு அது போகிறது. இங்கே தீர்வு தொழில்நுட்பத்தில் இல்லை, விண்ணப்பத்தில் அம்மாவின் எண்ணையும் கேட்டு வாங்குவதில் இருக்கிறது.

குழுவாக நடத்துவதில் உள்ள சங்கடம் எல்லோரும் அறிந்தது. ஆசிரியை ஒரு அறிவிப்புப் போட்டால் அதன் கீழே "நன்றி மேடம்", "ஓகே மேம்", கும்பிடும் கை, ரோஜாப்பூ என்று வந்து விழுந்து அறிவிப்பே மேலே காணாமல் போய்விடும். எல்லாப் பெற்றோரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அதனால் வரும் வில்லங்கம் தனி. அட்மின் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது: 256 பேர்தான் வரம்பு, அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்கு எதுவும் போகாது, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வாட்ஸ்அப் எல்லாமே இலவசம் என்ற எண்ணமும் தவறு. பள்ளி மென்பொருளிலிருந்து தானாக அனுப்பும் வணிக வசதிக்கு, 2025 ஜூலை முதல் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். அங்கேயும் வார்ப்புக்கு ஒப்புதல் வாங்கத்தான் வேண்டும். டிஎல்டியிடமிருந்து தப்பி வந்து வாட்ஸ்அப்பின் முதலாளி மெட்டாவிடம் மாட்டுவது போலத்தான்.

ஒரே கம்பெனியை நம்புவதன் ஆபத்து 2021 அக்டோபர் 4 அன்று வெளிப்பட்டது. இந்திய நேரம் இரவு ஒன்பது மணி தாண்டியதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஒன்றாக விழுந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் எழவில்லை. மழை விடுமுறைச் செய்தி வழக்கமாகப் போகும் நேரமும் அதுதான். நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே வருடம் மார்ச் 8 அன்று டிஎல்டி சரிபார்ப்பை முழுவதுமாக அமல்படுத்தியபோது நாடு முழுக்க வங்கி ஓடிபிகள் உட்பட ஏராளமான எஸ்எம்எஸ்கள் தடைபட்டன, ட்ராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் செல்போன் சிக்னலே இல்லை. டவருக்கு மின்சாரம் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான்.

எஸ்எம்எஸ் பாதுகாப்பற்றது என்ற வாதமும் விற்பனைப் பேச்சில் வரும். அது உண்மை. சிம்மை மோசடியாக மாற்றிக்கொள்பவர்களிடம் ஓடிபி போய்ச் சேர்ந்த வழக்குகள் ஏராளம். 2017-இல் ஜெர்மனியில் தொலைபேசி நெட்வொர்க்கின் பழைய ஓட்டை வழியாக ஓடிபிகளைத் திருப்பிவிட்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கு நாளை லீவு என்பது ஊருக்கே தெரியவேண்டிய சேதி, அதை ஒளித்து அனுப்ப என்ன இருக்கிறது? இவ்வளவு தெரிந்தும் வங்கிகளே எஸ்எம்எஸ்ஸை விடவில்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய அங்கீகார விதிகள் வேறு வழிகளை ஊக்குவித்தாலும் எஸ்எம்எஸ் ஓடிபியைத் தடைசெய்யவில்லை. பள்ளி செய்ய வேண்டிய ஜாக்கிரதை ஒன்றுதான். கட்டணம் கட்டும் லிங்க்கை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிப் பெற்றோரைப் பழக்கப்படுத்தாதீர்கள். நாளைக்கு மோசடிக்காரன் அனுப்பும் லிங்க்கையும் அவர்கள் அப்படியே தொடுவார்கள்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வருகைப்பதிவு, மதிப்பெண், கட்டண ரசீது எல்லாம் ஒரே இடத்தில் என்பது பள்ளி அலுவலகத்துக்கு நல்ல வசதி. பெற்றோர் பக்கமிருந்து பார்த்தால், போனில் இடமில்லாதபோது முதலில் நீக்கப்படும் செயலி அதுதான். மூத்த பிள்ளை ஒரு பள்ளி, இளையது இன்னொரு பள்ளி என்றால் இரண்டு செயலி. பேட்டரி மிச்சம் பிடிக்கும் சில ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் அதைத் தூங்கவைத்துவிடும், நோட்டிபிகேஷன் மறுநாள் மத்தியானம் வரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் பழைய பதிவுகளின் கதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். பிரதிநிதி உடனே வேன் வரைபடத்துக்குத் தாவிவிடுவார்.

குரல் அழைப்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தலைமை ஆசிரியையின் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினால் எழுத்தறிவு, மொழி, எழுத்துரு ஒன்றும் குறுக்கே வராது. ஆனால் தெரியாத எண் என்றால் எடுக்காத காலம் இது, மோசடி அழைப்புகள் அந்த நம்பிக்கையைத் தின்றுவிட்டன. ஆகவே எல்லோருக்கும் இயந்திர அழைப்பு என்பதைவிட, வாட்ஸ்அப் இல்லாத அந்த நாற்பது வீட்டின் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் பிரித்துக் கொடுத்து நேரடியாகக் கூப்பிடச் சொல்வது மேல். ஆளுக்கு மூன்று நான்கு அழைப்பு வரும். ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், செய்துவிடுவார்கள்.

இனி டைரி. சுற்றுலாவுக்கு அனுமதி, மதிப்பெண் பார்த்ததற்கு ஒப்பம் போன்றவற்றில் செய்தி போய்ச் சேர்ந்தால் போதாது, பெற்றோர் ஒப்புக்கொண்டார் என்பதற்குத் தடயம் வேண்டும். பழையது நீடிப்பதற்கு இது இன்னொரு காரணம். இந்தியாவில் தந்தி 2013 ஜூலை 14 இரவோடுதான் முடிந்தது. கைக்குக் கை செல்போன் வந்த பிறகும் அது உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம், தந்தி நகலை அலுவலகமும் நீதிமன்றமும் சாட்சியாக ஏற்றுக்கொண்டதுதான். விடுப்பு கேட்கும் சிப்பாய்க்கு வீட்டிலிருந்து வந்த தந்திக்கு இருந்த மதிப்பு போன் அழைப்புக்கு இல்லை. ஆனாலும் தந்தி செத்தது, எஸ்எம்எஸ் சாகவில்லை. தந்திக்குத் தனியாகக் கவுண்டர் வேண்டும், ஊழியர் வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும், எல்லாச் செலவையும் பிஎஸ்என்எல் ஒருவரே சுமக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு என்று தனி வீடே இல்லை. செல்போன் நெட்வொர்க் இருக்கும் வரை அது கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பணக்கார நாடுகளும் இதில் விதிவிலக்கல்ல. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் 2018-இல் கணக்கெடுத்தபோது இங்கிலாந்து மருத்துவமனைகளில் 8,946 ஃபேக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. சின்னச் செய்தியை மட்டும் வாங்கிக் காட்டும் பேஜர் கருவிகள் சுமார் 1,30,000. இரண்டையும் ஒழிக்கக் கெடு விதித்தார்கள். மருத்துவர்கள் பேஜரை விடத் தயங்கியதற்குக் காரணம் எளிது: தடித்த சுவரும் எக்ஸ்ரே அறையும் உள்ள கட்டடத்தில் வைஃபை போகாத மூலைக்கும் பேஜர் அலை போகும், ஒரு பேட்டரி பல வாரம் தாங்கும். 'பழையது' என்று பட்டியல் போட்டவர்கள் அந்த மூலையில் நின்று வேலை பார்த்தவர்கள் அல்ல.

எஸ்எம்எஸ்ஸின் வாரிசு என்று சொல்லப்படும் ஆர்சிஎஸ் பற்றியும் கேட்பார்கள். படம், பொத்தான் எல்லாம் உண்டு, ஆப்பிளும் 2024-இல் சேர்ந்துகொண்டது. டேட்டா வேண்டும் என்பதால் நம் நாற்பது பேருக்கு அது பதில் இல்லை. இந்தியாவில் விளம்பரத் தொல்லை தாங்காமல் 2022-இல் கூகுளே அதில் வணிக விளம்பரங்களை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கட்டும்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் பள்ளியின் செய்திக்கு முன்னால் டிவியின் கீழ்வரியில் அது ஓடிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் எஸ்எம்எஸ்ஸின் வேலை டிவி சொல்லாததைச் சொல்வது: தேர்வு என்ன ஆனது, வேன் வருமா, உங்கள் பள்ளி மட்டும் மூடுகிறதா.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். வார்ப்புகளுக்கு ஆகஸ்டிலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விடுமுறை, தாமதமாகத் தொடக்கம், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புதல், தேர்வு ஒத்திவைப்பு என்று நான்கு தமிழ் வார்ப்புகள் போதும், காரணத்தையும் தேதியையும் மட்டும் மாறும் பகுதியாக வையுங்கள். பதிவேட்டில் உள்ள எண்களைப் பள்ளியின் முதல் பருவத்துக்குள் ஒருமுறை சரிபாருங்கள், பெற்றோர் எண் மாற்றினால் பள்ளிக்குச் சொல்வது கடைசியில்தான். அனுப்பும் தளத்தின் பாஸ்வேர்டு அலுவலக எழுத்தரிடம் மட்டும் இருக்க வேண்டாம். மழை இரவில் அவர் வீட்டில் கரண்ட் இருக்காது.